அல்ப்ஸ் பூவும் உப்புவெளி மணலும்

கேள்வி: சுவிஸில் இருக்கும் அக்கா ஒரு பைக்கற் ஜென்ஷியானா அகௌலிஸ் விதை அனுப்பியிருக்கிறா. நிலத்தோடு நிலமாகப் படர்ந்த பச்சை, அதன்மேல் நீலக் குழல்பூக்கள் என்று படமே ஆசை காட்டுகிறது. எங்கள் வளவு மணல் நிலம், முன்பக்கம் நல்ல வெயில். போட்டால் வருமா? என்ன எரு போட வேண்டும்?
- வாசகி, உப்புவெளி

பதில்: திருகோணமலையில் வராது, சகோதரி. இவ்வளவு ஆசையோடு கேட்கும் உங்களை வீணாக மண் கிளற வைக்க எனக்கு மனமில்லை.

மணலில் குறையில்லை. தண்ணீர் வடியும் மண் அதற்குப் பிடிக்கும். ஒத்துவராதது நம்முடைய இரவுதான். அல்ப்ஸில் 3,000 மீற்றர் உயரம் வரை வளரும் செடி அது. அங்கே கோடையிலும் பொழுதுபட்டால் குளிர்ந்துவிடும். பகலில் இலை சேர்த்த மாச்சத்தைச் செடி இரவுச் சுவாசத்தில் செலவழிக்கிறது. சூடு கூடினால் அந்தச் செலவும் கூடும். கச்சான் வீசும் ஆடியில் இங்கே நள்ளிரவிலும் 25, 26 பாகை நிற்கிறது. சேமிப்பு கரைந்து செடி மெலிந்துவிடும். விதையும் வாரக்கணக்கில் ஈரக்குளிரில் கிடந்தால்தான் விழிக்கும். ஈர மணலில் கலந்து பிரிட்ஜின் கீழ்த்தட்டில் இரண்டு மாதம் வைத்தால் முளைக்கலாம். முளைத்ததை அப்புறம் எங்கே வைப்பீர்கள்?

நுவரெலியாவில் உறவினர் இருந்தால் அங்கே அனுப்புங்கள். 1,868 மீற்றர் உயரம், குளிர் உண்டு. மழைதான் அதிகம், பாதிக்குப் பாதி சரளைக்கல் கலந்த சட்டியில், தூவானம் படாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். பூக்கும் என்று நான் வாக்குத் தரமாட்டேன். ஐரோப்பியத் தோட்டங்களிலேயே பூக்க அடம்பிடிக்கும் செடி அது.

சரி, உங்களுக்கு வேண்டியது நிலத்தில் விரித்த பூப்பாய்தானே? நிலாவெளிக் கரையில் குனிந்து பாருங்கள். வங்காரவள்ளை மணலோடு ஒட்டிக் கிடக்கும். ஒரு தண்டைத் தூக்கினால் கணுவுக்குக் கணு வேர், தடித்த இலை, இலைக் கக்கத்தில் நகத்தளவு இளஞ்சிவப்புப் பூ. காற்றுக்குத் தலை கொடுக்காமல் தாழ்ந்து படர்வதில் இதுவும் அந்த மலைச்செடியும் ஒரே குணம். சாண் நீளத் தண்டு நாலைந்து வெட்டிக்கொள்ளுங்கள்; வேரோடு மட்டும் பிடுங்காதீர்கள், கரை மணலைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். அரை அடிக்கு ஒன்றாகப் படுக்கவைத்துக் கணுக்களை மண்ணால் மூடி, வேர் பிடிக்கும்வரை பின்னேரங்களில் தண்ணீர் விடுங்கள். எரு வேண்டாம். இளந்தளிர் கறிக்கும் ஆகும். உப்புக் கரிக்கும் என்பதால் அவித்த நீரை வடித்துவிட்டுச் சுண்டுங்கள். நிறம் கூட வேண்டுமானால் இடையிடையே பத்துமணிப்பூ வையுங்கள்.

கேள்வி: பத்துமணிப்பூ ஒவ்வோர் ஐப்பசி மழைக்கும் அழுகிப் போகிறது. வழி உண்டா?
- வாசகர், கிண்ணியா

பதில்: தண்டிலேயே தண்ணீர் சேர்த்து வைக்கும் செடி, அடியில் நீர் தேங்கினால் தாங்காது. புரட்டாதி முடிவதற்குள் விரல் நீளத் துண்டுகள் ஒடித்து, மணல் நிரப்பிய சட்டியில் குத்தி, வெயில் படும் தாழ்வாரத்தில் வையுங்கள். மண் நன்றாகக் காய்ந்த பிறகு மட்டும் தண்ணீர் தெளியுங்கள். தையில் மழை விட்டதும் நிலத்துக்கு மாற்றலாம்.