கூரைக்கு வந்தவர்கள்

அன்புள்ள ஐயா,

பட்டுக்கோட்டைப் பக்கம் தாத்தா விட்டுப்போன தோப்பில் ஒரு கீற்றுக் குடிசை போட நினைக்கிறேன். வேலை ஓசூரில். மாதம் இரண்டு முறை வந்து தங்கத்தான். ஒரு வீட்டுக் கூரையை ஊரே கூடி வேய்ந்து கொடுக்கும் என்று அப்பா அடிக்கடி சொல்வார். அதை நம்பி அக்கம்பக்கத்தில் கேட்டேன். "கூலி எவ்வளவு தம்பி?" என்றார்கள். மனசு விட்டுப்போயிற்று. அப்பா சொன்னதெல்லாம் வெறும் கதையா?

கே.

அன்புள்ள கே.,

கதை இல்லை. ஆனால் அப்பா பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்.

மன்னார்குடிப் பக்கத்தில் எங்கள் வீடும் கீற்று வீடுதான். தென்னங்கீற்று ஒரு வருஷம் தாங்கும், மிஞ்சினால் இரண்டு. அதனால் அறுப்பு முடிந்து வயலில் வேலை இல்லாத பங்குனி, சித்திரையில் யார் வீட்டிலாவது கூரை பிரித்துக்கொண்டே இருப்பார்கள். பிரித்த கூரையை அன்றைக்கே மூடியாக வேண்டும். நெல் மூட்டை, பாய், தொட்டில் எல்லாம் வெட்டவெளியில் கிடக்கும்போது ஒரு கோடை மழை வந்தால் போச்சு. எட்டுப் பத்துக் கைகள் தேவைப்பட்டது அதற்காகத்தான்.

முதல் நாள் இரவு எங்கள் அப்பா வீடு வீடாகப் போய், "நாளைக்குக் கூரை பிரிக்கிறோம்" என்று மட்டும் சொல்வார். 'வாங்க' என்றுகூடச் சொல்ல மாட்டார். விடியும்போது ஆட்கள் நிற்பார்கள். மேலே இரண்டு பேர், உள்ளே ஒருவர், மற்றவர்கள் கீற்றை எடுத்து நீட்ட. இறவாணத்தில் தொடங்கி வரிசை வரிசையாக மேலே ஏறுவார்கள். ஒவ்வொரு வரிசையும் கீழ் வரிசையின் பெரும்பகுதியை மூடும். கடைசியில் முகடு. பழைய கூரையிலிருந்து தேளும் பூரானும் விழும், பாம்புச் சட்டையும் கிடைக்கும். பிள்ளைகளுக்கு அதுதான் திருவிழா. மத்தியானம் கருவாட்டுக் குழம்பு. கூலி கிடையாது.

ஆனால் கணக்கு உண்டு. யார் வந்தார், யார் தலைவலி என்று படுத்துக்கொண்டார் என்பதெல்லாம் அம்மாவுக்கு மனப்பாடம். மொய் மாதிரிதான், நோட்டுப் போடவில்லை, அவ்வளவே. அடுத்த வாரம் அவர்கள் கூரை பிரிக்கும்போது அப்பா காய்ச்சலோடாவது போய் நின்றாக வேண்டும்.

உங்கள் அப்பா சொல்லாமல் விட்ட இன்னொன்றும் இருக்கிறது. வந்தவர்கள் எல்லோரும் எங்கள் தெருக்காரர்கள். மட்டையைப் பிளந்து குளத்தில் ஊறப்போட்டு, அந்த நாற்றத்தில் குந்தி உட்கார்ந்து முடைந்து கொடுத்த பெண்கள் வேறு தெரு. அவர்களுக்கு நூறு கீற்றுக்கு இவ்வளவு என்று கூலி. அவர்கள் வீட்டுக் கூரைக்கு எங்கள் தெருவிலிருந்து யாரும் போய் நின்றதாக எனக்கு நினைவில்லை. 'ஊரே கூடி' என்று சொல்லும்போது அந்த ஊர் எவ்வளவு பெரியது என்றும் பார்க்க வேண்டும்.

இப்போது உங்கள் விஷயம். 2010-இல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம் வந்தது. 2024-இல் கனவு இல்லம் வந்தது, 2030-க்குள் 8 லட்சம் வீடு என்று. குடிசைகள் காங்கிரீட் வீடாகின்றன. அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலை, கஜா புயல் அடித்தபோது கீற்றுக் கூரைக்குக் கீழே இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் உங்கள் அக்கம்பக்கத்தாருக்கு இனி வேய்வதற்குக் கூரை இல்லை. அவர்கள் இன்று உங்களுக்குச் செய்தால் நீங்கள் எதைத் திருப்பிச் செய்வீர்கள்? கூலி கேட்டதுதான் நியாயம். நீங்கள் இன்னும் அவர்கள் கணக்கில் ஏறவே இல்லை.

கூலியைப் பேசிக் கொடுங்கள். வேய்கிறவருக்குக் கீழே நின்று நீங்களே கீற்று எடுத்து நீட்டுங்கள். முகட்டை நன்றாக உயர்த்தச் சொல்லுங்கள். சரிவு குறைந்தால் தண்ணீர் நின்று கீற்று மக்கிவிடும். அடுப்பைக் கூரைக்குக் கீழே வைக்காதீர்கள். 2004-இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் போன தீ, சமையற்கட்டிலிருந்து கூரைக்குத் தாவியதுதான்.

அப்புறம், மட்டை ஊறப்போடக் குளத்தில் தண்ணீர் கிடக்கிறதா என்று இந்த முறை போகும்போது பார்த்துவிட்டு வாருங்கள். தை கடந்துவிட்டால் வற்றத் தொடங்கிவிடும்.