நான்காவது போர்வெல்லுக்கு நகையை வைக்காதீர்கள்

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கம் 4 ஏக்கரில் முருங்கை, வாய்க்கால் பாசனம். மூன்று போரில் இரண்டு வறண்டுவிட்டன. மூன்றாவது தினமும் இரண்டு மணி நேரம்தான் ஓடுகிறது. அதற்காக வாங்கிய நகைக்கடன் 4 லட்சம் அப்படியே நிற்கிறது. வருஷா வருஷம் வெளியில் மூன்று வட்டிக்கு (நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய்) வாங்கி நகையைத் திருப்பி, மறுபடி வைக்கிறேன். வட்டிக்கு முன் வருஷம் 1,20,000 ரூபாய் மிஞ்சும். மிச்ச நகைக்கு இரண்டரை லட்சம் வாங்கி ஆயிரம் அடி போடச் சொல்லி மச்சான் ரிக் வண்டிக்கு முன்பணமும் கொடுத்துவிட்டார். கார்பன் கிரெடிட் பணம் (மரமும் மண்ணும் கரியமில வாயுவைப் பிடித்து வைப்பதற்குக் கம்பெனிகள் தருவது) வரும் என்று ஒரு ஏஜென்ட்டும் கையெழுத்துக் கேட்கிறார். என்ன செய்ய?

பதில்: போர் போடாதீர்கள். முன்பணம் போனால் போகட்டும்.

தண்ணீர் குறையும்போதெல்லாம் நகையை வைத்து ஆழம் போகிறீர்களே, அந்தப் பழக்கம்தான் குடும்பத்தைக் கரைக்கிறது. 10 சதவீதம் என்றே வைத்தாலும் 4 லட்சத்துக்கு வட்டி 40,000. திருப்பி வைக்க வெளியில் வாங்கும் பணத்தை மூன்றே நாளில் கொடுத்தாலும் ஒரு மாத வட்டி 12,000 பிடித்துக்கொள்வார்கள். ஆக 52,000. இதோடு இரண்டரை லட்சம் சேர்ந்தால், அதே கணக்கில் இன்னொரு 32,500. உங்கள் 1,20,000-ல் மிஞ்சுவது 35,500. வீட்டுச் செலவுக்கு என்ன செய்வீர்கள்? அதுவும் உங்களுடையது பாறைப் பூமி. வெடிப்பு அகப்பட்டால்தான் தண்ணீர். ஆழத்துக்கும் அதற்கும் உத்தரவாதம் கிடையாது.

இருக்கிற இரண்டு மணி நேரத் தண்ணீர் வாய்க்காலிலேயே நிறைய வீணாகிறது. மொத்த நிலமே 4 ஏக்கர் என்றால் நீங்கள் சிறு விவசாயி. தமிழ்நாட்டில் 5 ஏக்கர் வரை உள்ளவர்களுக்குச் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு, அரசு நிர்ணயித்த விலைக்குள், 100 சதவீத மானியம் உண்டு. தாசில்தாரிடம் சிறு, குறு விவசாயி சான்று வாங்கி, சிட்டா, அடங்கலுடன் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்துக்குப் போங்கள். ஆனால் ஒன்று. மானியத்தில் வந்த குழாயை இரண்டே வருஷத்தில் சுருட்டி வேலியோரம் போட்ட தோட்டங்களைப் பார்த்திருக்கிறேன். உப்புத் தண்ணீரில் சொட்டுவான் வெள்ளை பூத்து அடைத்துக்கொள்ளும். ஃபில்டரைக் கழற்றிக் கழுவுவதும், குழாயின் கடைசி முனையைத் திறந்து கசடை வெளியேற்றுவதும் வாரா வாரம் நடக்க வேண்டும். பராமரிப்புக்கு வருஷம் ஐயாயிரமாவது ஒதுக்குங்கள்.

அப்புறம் மழை. 800 மில்லிமீட்டர் பெய்தால் ஓர் ஏக்கரில் மட்டும் 32 லட்சம் லிட்டர் விழுகிறது. வரப்பை உயர்த்துங்கள். தாழ்ந்த மூலையில் 100 அடிக்கு 100 அடி, 5 அடி ஆழத்தில் பண்ணைக்குட்டை வெட்டினால் ஒரு நிரப்புக்கு 14 லட்சம் லிட்டர் நிற்கும். வெட்டுவதற்கு முன் மானியம் இருக்கிறதா என்று வேளாண் பொறியியல் துறையில் கேளுங்கள். வறண்ட போர்களைச் சுற்றி ஜல்லி, மணல் நிரப்பிய குழி எடுத்து மழைநீரை இறக்கலாம். சேற்றுத் தண்ணீர் மட்டும் நேராக உள்ளே போகக் கூடாது.

கார்பன் கிரெடிட்டுக்கு இப்போது கையெழுத்து வேண்டாம். நிலம் எத்தனை வருஷம் கட்டுப்படும், அளவெடுக்கும் செலவு யாருடையது, பணம் எந்த மாதம் வரும் என்று எழுத்தில் கேளுங்கள். அந்தப் பணத்தை நம்பி ஒரு ரூபாய்கூடக் கடன் வாங்காதீர்கள்.

விதை, உரத்துக்கு நகையைத் தொடாதீர்கள். கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனுக்குத் தவணையில் கட்டினால் வட்டியே இல்லை. புது வட்டிக்குப் போகவிருந்த 32,500-ல் வீட்டுச் செலவு போக முடிந்ததை ஒவ்வொரு அறுப்பிலும் கொஞ்சமாக நகைக்கடன் அசலில் கட்டுங்கள். அசல் குறையக் குறைய மூன்று வட்டிக்கு வெளியில் வாங்கும் தொகையும் குறையும். மச்சானிடம் இந்தத் தொகைகளை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். அவர் கொடுத்த முன்பணம் திரும்பி வராவிட்டால், அதை மட்டும் நீங்களே அவருக்குக் கொடுத்துவிடுங்கள்.