பக்கத்தில் உட்காராமல் பேசிப் பாருங்கள்

வணக்கம் சகோதரி. மகன் சிங்கப்பூரில் உயர்நிலை 2 படிக்கிறான், தினமும் இரவு பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் பார்க்கிறீர்கள், ஆனாலும் கணித மதிப்பெண் இறங்குகிறது, பையன் முகம்கொடுத்தே பேசுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். படிக்கும்போதே மனசு கஷ்டமாக இருந்தது.

முதலில், பக்கத்தில் உட்கார்வதை நிறுத்திப் பாருங்கள். தொடக்கப்பள்ளியில் அது உதவியிருக்கும். இந்த வயதில் வேறு கதை. ஹில், டைசன் என்ற ஆய்வாளர்கள் 2009இல் 50 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். இந்த வயதையொட்டிய பிள்ளைகளுக்கு அதிகம் கைகொடுப்பதாகத் தெரிந்தது, படிப்பு எதற்கு, அடுத்து என்ன என்று பெற்றோர் பேசுவதுதான். வீட்டுப்பாடத்தில் உதவுவது குறைந்த மதிப்பெண்களோடுதான் சேர்ந்து காணப்பட்டது. (மதிப்பெண் குறைந்ததால்தான் பலர் உதவப் போயிருப்பார்கள், உங்களைப் போல. அதனால் உங்களையே நொந்துகொள்ளாதீர்கள்.)

பேசுவதற்கு இப்போது நல்ல விஷயமும் இருக்கிறது: உயர்நிலை 3இல் எந்தப் பாடங்களை எடுப்பது என்பது. கூடுதல் கணிதம் வேண்டுமா, பலதுறைத் தொழிற்கல்லூரியா தொடக்கக்கல்லூரியா, எதில் ஆசை என்று அவனையே சொல்லவிடுங்கள். சாப்பிடும்போது கேளுங்கள். விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு மட்டும் கேட்காதீர்கள்.

அப்புறம், 2023 முதல் எந்த வகுப்புக்கும் அரையாண்டுத் தேர்வு கிடையாது. ஆண்டிறுதி வரை காத்திருக்காமல் கணித ஆசிரியருக்கு எழுதி, எந்தத் தலைப்பில் தடுமாறுகிறான் என்று கேளுங்கள். இயற்கணிதம் என்றால் உயர்நிலை 1 பாடத்திலேயே ஓட்டை இருக்கலாம். துணைப்பாடம் தேவைப்பட்டால் சிண்டா (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) நடத்தும் வகுப்புகளை விசாரியுங்கள், கட்டணம் குறைவு.