இயங்குதளத்தை அப்கிரேட் செய்தபின் யூஎஸ்பி ஆடியோ வேலை செய்யவில்லை: டிரைவரில் கை வைக்கும் முன் எதைப் பார்ப்பது?

கேள்வி இதுதான்: விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மாறியதும் யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் ஸ்பீக்கரையும் கணினியோடு இணைக்கும் பெட்டி) பட்டியலில் பெயரைக் காட்டுகிறது, ஆனால் சத்தம் வரவில்லை, எப்போதாவது வந்தாலும் கரகரவென்று வருகிறது, மைக் கொஞ்சமும் எடுக்கவில்லை. டிரைவரை (சாதனத்தை இயங்குதளத்தோடு பேசவைக்கும் மென்பொருள்) அழித்துவிட்டு மறுபடி போட்டும் அதே கதை. பெட்டி கெட்டுவிட்டதா, புதிது வாங்க வேண்டுமா?

இப்போதைக்கு வாங்காதீர்கள். நேற்று வரை ஓடிய பொருள் அப்கிரேட் முடிந்த அதே நேரத்தில் தானாகச் செத்துப்போவது மிக அபூர்வம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததை ஒட்டி நிறையப் பேர் மாறினார்கள், எனக்குத் தெரிந்தவர்களும் வரிசையாக இதே புகாரோடு வந்தார்கள். பெரும்பாலும் பொருளும் நன்றாக இருந்தது, டிரைவரும் நன்றாக இருந்தது, நடுவில் எங்கோ ஒரு தேர்வு மாறிப்போயிருந்தது. அதனால் நான் டிரைவரைக் கடைசியில்தான் தொடுவேன். எடுத்தவுடன் அதை அழித்து, போட்டு, மறுபடி அழித்து என்று ஆரம்பித்தால் முதலில் என்ன கோளாறு இருந்தது என்றே தெரியாமல் போய்விடும்.

பொருள் மேல் சந்தேகம் இருந்தால் அதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். வேறொரு கணினியில் சொருகிப் பாருங்கள், கிடைக்காவிட்டால் ஃபோனில் ஓடிஜி இணைப்பான் வழியாகச் சொருகினாலும் போதும். அங்கே பாடினால் பொருள் மேல் குற்றமில்லை. (ஃபோனில் பாடாவிட்டால் உடனே முடிவுக்கு வர வேண்டாம், சில இன்டர்ஃபேஸ்களுக்கு ஃபோன் தரும் மின்சாரம் போதாது.) அப்புறம் கணினியை ஷட்டவுன் செய்யாமல் ரீஸ்டார்ட் செய்யுங்கள். வேடிக்கையாக இருக்கும், ஆனால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் விண்டோஸில் ஷட்டவுன் முழுதாக அணைப்பதில்லை, கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) நிலையை வட்டில் எழுதிவைத்து அடுத்த முறை அதையே எடுத்துக்கொள்ளும். டிரைவர்கள் சுத்தமாக முதலிலிருந்து கிளம்புவது ரீஸ்டார்ட்டில்தான்.

இனி சத்தம் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். செட்டிங்ஸில் சவுண்ட் பக்கத்தின் அடியில் "மோர் சவுண்ட் செட்டிங்ஸ்" என்று ஒன்று இருக்கும், அதை அழுத்தினால் பழைய காலத்து சிறிய ஜன்னல் திறக்கும். புதிய பக்கத்தைவிட எனக்கு இதுதான் பிடிக்கும், ஏனென்றால் ஒவ்வொரு சாதனத்தின் ஓரத்திலும் ஒரு பச்சைக் கோடு ஏறி இறங்குவதைக் காட்டும். ஒரு பாட்டை ஓடவிட்டு அந்த ஜன்னலைப் பாருங்கள். பச்சைக் கோடு உங்கள் இன்டர்ஃபேஸுக்குப் பக்கத்தில் ஆடாமல் மானிட்டரின் பெயருக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தால் விஷயம் முடிந்தது, சத்தம் எச்டிஎம்ஐ கேபிள் வழியாக ஸ்பீக்கரே இல்லாத மானிட்டருக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அப்கிரேடோடு கிராஃபிக்ஸ் டிரைவரும் புதிதாக வரும், அது தன் ஆடியோ சாதனத்தையும் கூட்டிக்கொண்டு வரும், டிஃபால்ட் (விண்டோஸ் தானாக ஒலியை அனுப்பும் சாதனம்) அங்கே தாவிவிடும். உங்கள் சாதனத்தை ரைட் கிளிக் செய்து டிஃபால்ட் ஆக்குங்கள். அழைப்புகளுக்கான டிஃபால்ட் தனியாக இருக்கிறது, அதையும் பாருங்கள். பட்டியலில் பெயரே இல்லையென்றால் வெற்றிடத்தில் ரைட் கிளிக் செய்து, முடக்கப்பட்ட சாதனங்களையும் காட்டச் சொல்லுங்கள், சில நேரம் அங்கே சாம்பல் நிறத்தில் ஒளிந்திருக்கும்.

கோடு உங்கள் இன்டர்ஃபேஸிலேயே ஆடுகிறது, ஆனாலும் காதில் எதுவும் விழவில்லை என்றால் இயங்குதளம் தன் வேலையைச் செய்துவிட்டது. இனி பெட்டியின் முகப்பில் இருக்கும் வால்யூம் குமிழ், மானிட்டர் மிக்ஸ் (மைக் ஒலியும் கணினி ஒலியும் எந்த அளவில் கலந்து கேட்கும் என்பது) பொத்தான், நான்கு வெளியீடு உள்ள பெட்டியானால் எந்த ஜோடிக்குப் போகிறது என்பது, இவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

சாதனத்தின் பெயருக்கு முன்னால் "2-" அல்லது "3-" என்று ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் கவனியுங்கள். யூஎஸ்பி பொருளுக்குள் தனி வரிசை எண் எழுதப்பட்டிருக்காவிட்டால், விண்டோஸ் அதை எந்த போர்ட்டில் சொருகினோம் என்பதை வைத்துத்தான் அடையாளம் காணும். போர்ட் மாறினால் அதன் கணக்கில் அது வேறு பொருள். பழைய வால்யூம், பழைய டிஃபால்ட், பழைய சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்பது) எதுவும் புதிய பதிவுக்கு வராது. பதிவு செய்யும் மென்பொருளோ பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும், கிடைக்காமல் லேப்டாப்பின் உள் மைக்கை எடுத்துக்கொள்ளும், நீங்கள் "மைக் தூரத்தில் பேசுவது போல இருக்கிறதே" என்று யோசிப்பீர்கள். டிவைஸ் மேனேஜரில் (கணினியின் சாதனங்களைப் பட்டியலிடும் விண்டோஸ் ஜன்னல்) வியூ மெனுவுக்குப் போய் மறைந்துள்ள சாதனங்களைக் காட்டச் சொன்னால் இந்தப் பழைய பதிவுகள் மங்கலாக வரிசையில் நிற்பது தெரியும். மங்கலாக நிற்கும் உங்கள் ஆடியோ பதிவுகளை மட்டும் நீக்கிவிட்டு, முன்பு பயன்படுத்திய அதே போர்ட்டிலேயே சொருகுங்கள்.

மைக் மட்டும் எடுக்கவில்லை என்றால் டிரைவர் பக்கமே போகாதீர்கள், முதலில் தனியுரிமை செட்டிங்ஸ். 2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து அந்த மைக் அனுமதி, ஸ்டோரில் வாங்கிய செயலிகளை மட்டுமல்ல, சாதாரண டெஸ்க்டாப் மென்பொருள்களையும் கட்டுப்படுத்துகிறது. பிரைவசி பக்கத்தில் மைக்ரோஃபோன் என்பதைத் திறந்தால் மேலே ஒரு பொத்தான், செயலிகளுக்கு ஒன்று, கீழே டெஸ்க்டாப் மென்பொருள்களுக்குத் தனியாக ஒன்று இருக்கும். கடைசிப் பொத்தான் நீண்ட பட்டியலுக்கு அடியில் இருப்பதால் பலர் அதுவரை உருட்டுவதே இல்லை. மேக்கிலும் 2018-இல் வந்த மோஹாவேயிலிருந்து இதே கதைதான், அனுமதி மறுக்கப்பட்ட மென்பொருள் பதிவு செய்வது போலவே ஓடும், கோப்பில் வெறும் மௌனம் இருக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் வேலை செய்யவில்லையா, சரி, இப்போது டிரைவருக்கு வருவோம். இங்கே பலருக்குத் தெரியாத ஒன்று, பெரும்பாலான யூஎஸ்பி ஹெட்செட், மைக், சிறிய டிஏசி (டிஜிட்டல் தரவை ஒலி சிக்னலாக மாற்றும் சாதனம்) எதற்கும் நிறுவனத்தின் டிரைவர் தேவையே இல்லை. யூஎஸ்பி ஆடியோ கிளாஸ் என்றொரு பொது விதிமுறை 1998-இலிருந்தே இருக்கிறது, அதைப் பின்பற்றும் பொருளை இயங்குதளத்தின் சொந்த டிரைவரே ஓட்டிவிடும். அதன் இரண்டாம் பதிப்பு 2006-இல் வந்தது, அதிக சாம்பிள் ரேட்டும் நிறைய சேனல்களும் கொண்ட பெட்டிகள் அதைத்தான் பயன்படுத்துகின்றன. மேக்கும் லினக்ஸும் இரண்டாம் பதிப்பைச் சீக்கிரமே ஏற்றுக்கொண்டன. விண்டோஸ் 2017-இல் 1703 பதிப்பு வரும்வரை அதற்குச் சொந்த டிரைவர் தரவில்லை. அதனால்தான் அந்தக் காலத்துப் பெட்டிகளுக்கெல்லாம் நிறுவனத்தின் டிரைவர் கட்டாயமாக இருந்தது, அந்தப் பழைய டிரைவர்தான் இன்று பலருக்குக் காலை வாரிவிடுகிறது.

எனவே உங்கள் பெட்டி பொது விதிமுறையில் ஓடக்கூடியதென்றால் நிறுவனத்தின் டிரைவரை ஒதுக்கிவைத்துப் பாருங்கள். டிவைஸ் மேனேஜரில் சாதனத்தை ரைட் கிளிக் செய்து, டிரைவரைப் புதுப்பிக்கச் சொல்லி, இணையத்தில் தேடாமல் கணினியில் உள்ள பட்டியலிலிருந்து நானே தேர்ந்தெடுக்கிறேன் என்ற வழியில் போனால், பொருந்தும் டிரைவர்களின் பெயர்கள் வரும். அதில் "யூஎஸ்பி ஆடியோ டிவைஸ்" என்றோ "யூஎஸ்பி ஆடியோ 2.0" என்றோ விண்டோஸின் பொது டிரைவர் இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். நிறுவனத்தின் மிக்சர் மென்பொருளும் ஏசியோவும் (தாமதத்தைக் குறைத்துப் பதிவு செய்ய உதவும் டிரைவர் முறை) போய்விடும், ஆனால் சத்தம் வந்துவிட்டால் கோளாறு எங்கே என்று உறுதியாகிவிடும்.

டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் தெரிந்தால் அதை இரண்டு முறை அழுத்தி உள்ளே இருக்கும் எண்ணைப் படியுங்கள். 28 என்றால் டிரைவரே இல்லை. 10 என்றால் சாதனத்தைக் கிளப்ப முடியவில்லை. 43 என்றால் சாதனம் தானே கோளாறு சொல்லிவிட்டதால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது, பல சமயம் கேபிளோ, ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் ஹப்போதான் காரணம். 52 என்றால் டிரைவரின் டிஜிட்டல் கையொப்பம் சரியில்லை. 39 என்றால் டிரைவரை ஏற்ற முடியவில்லை, இதற்குப் பின்னால் பெரும்பாலும் விண்டோஸ் செக்யூரிட்டியின் கோர் ஐசொலேஷன் பகுதியில் இருக்கும் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு நிற்கும். பழைய டிரைவர்கள் அதன் விதிகளுக்கு ஒத்துவருவதில்லை. அதை அணைத்துவிடு என்று பல வீடியோக்களில் சொல்வார்கள். சோதனைக்காக ஒருமுறை அணைத்துப் பார்ப்பதில் தப்பில்லை, ஆனால் ஒரு பழைய சவுண்ட் பெட்டிக்காக மொத்தக் கணினியின் காவலையும் நிரந்தரமாக எடுத்துவிடுவது எனக்கு உடன்பாடில்லை. நிறுவனத்தின் தளத்தில் புதிய டிரைவர் இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் பொது டிரைவரோடு சமாளியுங்கள். தானாகவே எல்லா டிரைவரையும் தேடிப் போடுகிறேன் என்று சொல்லும் மென்பொருள்கள் பக்கம் மட்டும் போகவே போகாதீர்கள்.

புதிய டிரைவர் போடும் முன், டிவைஸ் மேனேஜரில் சாதனத்தை அழிக்கும்போது, பழைய டிரைவரையும் நீக்கச் சொல்லும் கட்டத்தில் டிக் செய்து அழியுங்கள், இல்லாவிட்டால் கேபிளைச் சொருகியதும் விண்டோஸ் தன் கிடங்கிலிருந்து அதே பழைய டிரைவரை எடுத்து மாட்டிவிடும். டிரைவரை அழித்து மறுபடி போட்டும் பயனில்லை என்று சொல்பவர்கள் பலருக்கு நடப்பது இதுதான். கேபிளைப் பிடுங்கி, நிறுவி, ரீஸ்டார்ட் செய்து, நிறுவனம் எப்போது சொருகச் சொல்கிறதோ அப்போதுதான் சொருக வேண்டும்.

கரகரப்பு வேறு வகைப் பிரச்சினை. பென் டிரைவுக்குப் போகும் தரவு வழியில் சிதைந்தால் யூஎஸ்பி அதை மறுபடி அனுப்பும். ஆடியோவுக்கு அந்த வசதி இல்லை. 48 கிலோஹெர்ட்ஸில் ஒவ்வொரு மில்லிசெகண்டுக்கும் ஒரு சேனலுக்கு 48 சாம்பிள்கள் போயாக வேண்டும், நேரத்துக்குப் போகாதது போகாததுதான், அந்த இடத்தில் 'டிக்' என்று கேட்கும். கணினி ஒரு நொடியின் சிறு துண்டு நேரம் வேறெங்கோ மூழ்கிவிட்டாலே காதில் தெரிந்துவிடும். அப்கிரேடுக்குப் பின் வைஃபை, கிராஃபிக்ஸ், மின்சேமிப்பு என எல்லாமே மாறியிருக்கும், இவற்றில் ஏதோ ஒன்று இடையில் நேரத்தைத் தின்கிறது. லேட்டன்சிமான் என்றொரு இலவசக் கருவி இருக்கிறது, ஓடவிட்டால் எந்த டிரைவர் அதிக நேரம் எடுக்கிறது என்று பெயரோடு சொல்லும். அதைப் பார்க்கும் முன்பே வைஃபையை அணைத்துவிட்டு ஒரு பாட்டு கேட்டுப் பாருங்கள், பாதி விடை அங்கேயே கிடைக்கும்.

கூடவே பவர் ஆப்ஷன்ஸில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்பதை அணைத்துவிடுங்கள், டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ரூட் ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் தாவலில், மின்சாரத்தை மிச்சப்படுத்த இதை அணைக்கலாம் என்ற டிக்கையும் எடுத்துவிடுங்கள். சிறிது நேரம் சும்மா இருந்தபின் முதல் சத்தத்தின் தலை வெட்டப்பட்டு வருகிறதா, அல்லது திடீரென்று சாதனம் துண்டித்து மறுபடி சேரும் ஓசை கேட்கிறதா, அப்படியானால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். ஹப் இருந்தால் கழற்றிவிட்டு நேரடியாகச் சொருகுங்கள். யூஎஸ்பி 2.0 போர்ட் தரும் 500 மில்லிஆம்பியரை நாலு பேர் பங்கு போட்டால், ஃபேன்டம் பவர் (கேபிள் வழியாக மைக்குக்குத் தரும் மின்சாரம்) போட்ட மைக்குக்கு என்ன மிஞ்சும்?

மேக் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக: ஆப்பிள் சிலிக்கான் லேப்டாப்பில் வென்ச்சுராவிலிருந்து புதிதாகச் சொருகும் பொருளை அனுமதிக்கவா என்று கேட்கும், அதை மறுத்திருந்தால் தரவு போகாது. அப்புறம் ஆடியோ மிடி செட்டப் என்ற மேக்கின் சொந்தக் கருவியில் சாம்பிள் ரேட்டைப் பாருங்கள். லினக்ஸில் உபுண்டு 22.10-லிருந்து ஒலியைக் கையாளும் பல்ஸ் ஆடியோவின் இடத்துக்கு பைப்வயர் வந்துவிட்டது, அப்கிரேடுக்குப் பின் சாதனத்தின் புரொஃபைல் (எந்த உள்ளீடு, வெளியீடு இயங்கும் என்ற தேர்வு) மாறி, வெளியீடு மட்டும் இருக்கும், உள்ளீடு காணாமல் போயிருக்கும். பாவுகன்ட்ரோல் என்ற ஒலி அமைப்புக் கருவியின் கடைசித் தாவலில் புரொஃபைலை மாற்றினால் பெரும்பாலும் திரும்பிவிடும்.

எல்லாம் பார்த்தும் அசையவில்லை என்றால் இயங்குதளத்தின் மேலேயே தவறு இருக்கலாம், அதுவும் நடந்திருக்கிறது. 2025 ஜனவரியில் விண்டோஸுக்கு வந்த பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பின் யூஎஸ்பி ஆடியோ 1.0 டிரைவரில் ஓடும் வெளி டிஏசிகள் பலருக்கு எண் 10-ஐக் காட்டி நின்றன, மைக்ரோசாஃப்டே அதை ஒப்புக்கொண்டு பிறகு சரிசெய்தது. எனவே கோளாறு பெரிய அப்கிரேட் நடந்த அன்றே வந்ததா, அதற்குப் பின் வந்த மாத அப்டேட்டில் வந்ததா என்று அப்டேட் ஹிஸ்டரியில் தேதியை ஒப்பிட்டுப் பாருங்கள். மாத அப்டேட் என்றால் அதை மட்டும் நீக்கிப் பார்க்கலாம். அப்கிரேட்தான் என்றால் ரெக்கவரி பக்கத்தில் பழைய பதிப்புக்குத் திரும்பும் பொத்தான் 10 நாள்தான் இருக்கும், டிஸ்க் கிளீனப் ஓட்டிப் பழைய விண்டோஸ் கோப்புகளை அழித்திருந்தால் அதுவும் இருக்காது. இடம் போதவில்லை என்று எதையாவது அழிக்கத் தோன்றினாலும் இன்டர்ஃபேஸ் ஒழுங்காகப் பாடும்வரை அந்தக் கோப்புகளைத் தொடாதீர்கள்.