வில்லனைவிடப் பொல்லாத வழி

கேள்வி: ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ வீடியோ விளையாட்டில் இறுதி வில்லனை வெல்வதைவிட அவனிடம் போய்ச் சேருவதுதான் கடினமாக இருக்கிறது. ஏன்?

பதில்: உங்கள் கணிப்பு சரிதான். 1985-இல் நிண்டெண்டோ வெளியிட்ட அவ்விளையாட்டில், பவுசர் என்னும் வில்லனோடு சண்டையிடவே தேவையில்லை. தீக்கும் சுத்தியலுக்கும் தப்பி, அவன் எகிறும் நொடியில் கீழே புகுந்து ஓடி, பாலத்தின் மறுமுனையிலுள்ள கோடரியைத் தொட்டாலே அவன் நெருப்புக் குழம்பில் விழுந்துவிடுவான். ஆனால், விளையாட்டின் இறுதிப் பகுதியான எட்டாம் உலகில் பாதி வழியில் மீண்டும் தொடங்கும் வசதி கிடையாது என்பதால், அதன் மூன்றாம் கட்டத்தில் இரட்டையராக நின்று சுத்தியல் எறியும் ஆமைகளிடம் சிக்கினால், எவ்வளவு தூரம் வந்திருந்தாலும் அக்கட்டத்தை முதலிலிருந்தே ஆட வேண்டும். (என் கட்டைவிரல் காய்த்துப்போனது அங்கேதான்.) நான்காம் கட்டத்துக் கோட்டையிலோ, சரியான குழாய்க்குள் இறங்கத் தவறினால் சுற்றிச் சுற்றிப் பழைய இடத்துக்கே வந்து நிற்பீர்கள்.