டாப்ளரில் 40% அடைப்பு, கொலஸ்ட்ரால் 'நார்மல்': மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 61, சர்க்கரை நோய் உண்டு. கழுத்து டாப்ளர் ஸ்கேனில் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இடது கரோட்டிட் ரத்தக்குழாயில் 40% அடைப்பு என்று வந்திருக்கிறது. மொத்த கொலஸ்ட்ரால் 188, எச்டிஎல் 34, ட்ரைகிளிசரைடு 210, கெட்ட கொழுப்பான எல்டிஎல் 112. தினமும் அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. சாப்பிடுகிறார். "200-க்குக் கீழேதானே இருக்கிறது, மாத்திரை எதற்கு?" என்கிறார். அடைப்பு கூடுகிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கலாமா?

பதில்: நிறுத்தவே கூடாது. சொல்லப்போனால், அவருக்கு இப்போதைய டோஸே போதவில்லை.

ரிப்போர்ட்டின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் 200 என்ற வரம்பு பொதுவாக எல்லோருக்கும் போடுவது. ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்துவிட்டவருக்கு எல்டிஎல் 70-க்குக் கீழே வர வேண்டும். சர்க்கரையும் இருப்பதால் 55 வரை இறக்கப் பார்ப்போம். அப்பாவின் 188 குறைவாகத் தெரிவதற்கு ஒரு காரணம், நல்ல கொழுப்பான எச்டிஎல் வெறும் 34 என்பதுதான். 188-லிருந்து அதைக் கழித்தால் 154. குழாய்ச் சுவரில் போய்ப் படியக்கூடிய கொழுப்பு மொத்தமும் இந்த 154-க்குள் இருக்கிறது. ட்ரைகிளிசரைடு ஏறியிருப்பவர்களுக்கு எல்டிஎல்லைவிட இந்தக் கணக்கை நான் அதிகம் நம்புவேன். இது 100-க்குக் கீழே, முடிந்தால் 85-க்குக் கீழே இருக்க வேண்டும்.

இறக்கினால் பலன் உண்டா? பக்கவாதம் வந்து, ரத்தக்குழாயில் படிவும் இருந்தவர்களை வைத்து பிரான்ஸிலும் தென்கொரியாவிலும் நடந்த ஆய்வு 2020-இல் வெளியானது. எல்டிஎல்லை 70-க்குக் கீழே வைத்தவர்களில் 8.5% பேருக்கும், 90 முதல் 110 வரை வைத்தவர்களில் 10.9% பேருக்கும் மறுபடி பக்கவாதம், மாரடைப்பு போன்றவை வந்தன. அப்பாவுக்கு இன்னும் பக்கவாதம் வரவில்லை என்றாலும் போகிற திசை அதேதான்.

அப்பா சாப்பிடும் அட்டோர்வாஸ்டாட்டின் ஸ்டாட்டின் வகை மருந்து. ஸ்டாட்டின் டோஸை இரட்டிப்பாக்கினால் பலன் இரட்டிப்பாகாது. எல்டிஎல் கூடுதலாகச் சுமார் 6% தான் இறங்கும். அதனால் 40 மி.கி. ஆக்கி, கூடவே குடல் கொலஸ்ட்ராலை உறிஞ்சுவதைக் குறைக்கும் எசெட்டிமைப் மாத்திரையையும் சேர்க்கலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். மாற்றிய பிறகு 6 முதல் 8 வாரத்தில் மறுபரிசோதனை. எல்டிஎல் போலவே குழாயில் படியக்கூடிய லிப்போபுரோட்டீன் (ஏ) என்ற கொழுப்புக்கான டெஸ்டையும் ஒரே ஒரு தடவை எடுத்துவிடுங்கள். அது பரம்பரையாக வருவது, 50 மி.கி.க்கு மேல் இருந்தால் பிள்ளைகளும் பார்த்துக்கொள்வது நல்லது.

சரி, ஸ்கேன். டாப்ளர் முக்கியமாக ரத்தம் பாயும் வேகத்தை வைத்தே அடைப்பைக் கணிக்கிறது. வேகம் நொடிக்கு 125 செ.மீ.க்குக் கீழே இருந்தால் அடைப்பு '50%-க்குள்' என்றுதான் உறுதியாகச் சொல்ல முடியும். அடுத்த முறை வேறொருவர் எடுத்து 45 என்று எழுதினால் நோய் முற்றிவிட்டதாக அர்த்தமில்லை. மருந்து சாப்பிட்டும் 40 அப்படியே நிற்கிறதே என்றும் கவலைப்பட வேண்டாம். மென்மையான படிவு இறுகி, வெடிக்காமல் இருந்தாலே மருந்து வேலை செய்கிறது. ஆக, வருடத்துக்கு ஒரு ஸ்கேன் போதும்.

ஆனால் திடீரென்று வலது கை அல்லது கால் மரத்துப்போனாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, இடது கண் இருட்டிக்கொண்டு வந்தாலோ, பத்தே நிமிடத்தில் சரியாகிவிட்டாலும் 108-ஐ அழைத்து அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.