விபத்தில் இறந்த விமானியின் ரத்தத்தில் ஆல்கஹால் இருந்தால் அவர் குடித்திருந்தார் என்றுதானே அர்த்தம்?

இல்லை. பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பாதி பதிலை எங்கள் ஊர்க் கள்ளை வைத்தே சொல்லிவிடலாம்.

இறக்கியவுடன் கள் இனிப்பாக இருக்கும். யாரும் எதையும் சேர்க்க வேண்டாம், மத்தியானத்துக்குள் தானாகப் புளித்துவிடும். சர்க்கரையும் நுண்ணுயிரும் வெயிலும் போதும். உடலை மீட்கத் தாமதமானால் அதிலும் இதேதான் நடக்கும். சொட்டுக்கூடக் குடிக்காதவர் ரத்தத்திலும் ஆல்கஹால் ஊறும். சர்க்கரை நோயாளியின் சிறுநீரில் இன்னும் சுலபம்.

அதனால் பரிசோதிப்பவர்கள் ரத்தத்தை மட்டும் நம்ப மாட்டார்கள். விழிக்குள்ளிருக்கும் திரவத்தை ஊசியால் எடுப்பார்கள். குடல் கிருமிகள் அங்கே போய்ச் சேர நேரமாகும். சிறுநீர், ஈரல், தசை என்று கிடைப்பதையெல்லாம் ஒப்பிடுவார்கள். ரத்தத்தில் ஆல்கஹால் இருந்தும் விழித்திரவத்தில் இல்லையென்றால், குடித்தார் என்று சொல்ல யோசிப்பார்கள். ரத்தக் குப்பியில் சோடியம் ஃபுளோரைடு போடுவது, பதனீர் புளிக்காமலிருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிற அதே காரணத்துக்குத்தான். கார்பன் மோனாக்சைடும் பார்ப்பார்கள்: தீப்பிடித்தபோது உயிரோடிருந்தாரா என்பதற்கு அது துப்பு.

மருந்துகளில் சிக்கல் வேறு. இறந்தபின் சில மருந்துகள் ஈரல், நுரையீரலிலிருந்து இதய ரத்தத்துக்குக் கசியும். அதனால் தொடை ரத்தம் கிடைத்தால் அதுதான் நம்பகம்.

சரி, அதிகம் அகப்படுவது எது? கஞ்சா என்று நினைப்பீர்கள். அமெரிக்காவில் 1990 முதல் 2012 வரை விபத்தில் இறந்த விமானிகளின் பரிசோதனைகளை அலசி, அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2014ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. செயல்திறனைக் குறைக்கக்கூடிய மருந்துகளில் முதலிடம் டைஃபென்ஹைட்ரமினுக்கு. சளிக்கும் அலர்ஜிக்கும் போடுகிற, தூக்கம் வரவைக்கிற மருந்து. விடியற்காலையில் கள்ளு வண்டி ஓட்டுபவர்கள் என்னிடம் "தூக்கம் வராத சளி மாத்திரை இருக்குங்களா?" என்று கேட்பது இதனால்தான். விவரமானவர்கள்.

ஆனால் மருந்து அகப்பட்டதாலேயே விபத்துக்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. 2020 ஆகஸ்ட் 7ல் கோழிக்கோடு விமான நிலையம் இருக்கிற கரிப்பூரில் ஓடுபாதையைத் தாண்டி விமானம் சரிந்து 21 பேர் இறந்தார்கள், இரு விமானிகளும் சேர்த்து. தரையிறக்கத்தில் விதிமுறை பின்பற்றப்படாததைத்தான் விசாரணை அறிக்கை முதன்மைக் காரணமாகச் சொன்னது. மருத்துவர் எழுதித் தராத பல சர்க்கரை நோய் மாத்திரைகளைத் தலைமை விமானி எடுத்துவந்ததையும், சர்க்கரை லேசாக இறங்கி அவருடைய முடிவெடுக்கும் திறன் பாதித்திருக்கலாம் என்பதையும் துணைக் காரணங்களில் சேர்த்தது.

"பக்கத்து வீட்டுக்காரர் போடறதே எனக்கும் ரெண்டு அட்டை குடுங்க" என்று போன வாரம் ஒரு வேன் டிரைவர் வந்தார், சர்க்கரை நோயாம். சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்றேன். கோபித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார்.